சந்திரமதி எழுதி அனுப்பிய ஒரு நாள்

குழந்தைவேலுவுக்கு மணிச்சத்தம் ஆகாது. கோயில் மணியோ பள்ளிக்கூட மணியோ, காதில் விழுந்ததும் தோள் இரண்டும் தன்னால் ஒடுங்கிக்கொள்ளும். ஐந்து வயதில் அப்பா அம்மா இருவரையும் காலராவுக்குப் பறிகொடுத்துவிட்டு, கடலூருக்குத் தெற்கே ஓர் அநாதை விடுதியில் வளர்ந்தவன் அவன். அங்கே எழுந்திருக்க ஒரு மணி, குளிக்க ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி, படுக்க ஒரு மணி. கஞ்சி மணிக்குக் கொஞ்சம் பிந்தி வந்தாலும் அன்றைக்குத் தட்டு கிடையாது. பதினான்கு வயதில் ஒரு நாள் சுவரேறிக் குதித்தவன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர் ஊராக வேலை பார்த்து, நாற்பத்தொன்பதில் கப்பலேறி அந்தமானுக்கு வந்து சேர்ந்தான்.

லாங் ஐலண்டில் மரம் அறுக்கும் மில்லில் அவனுக்கு அளவு வேலை. யானைகள் இழுத்து வந்து போடுகிற மரங்களின் சுற்றளவை நாடாவால் அளந்து, வெட்டுமுனையில் சுத்தியலால் நம்பர் குத்த வேண்டும். மூன்று வருஷம் கழித்து, போர்ட் பிளேரை ஒட்டிய டாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த சந்திரமதியைக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் பாட்டனார் காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். அவள் பேச்சில் தமிழும் இந்தியும் ஒன்றோடொன்று தோள்மேல் கைபோட்டுக்கொண்டு வரும்.

மூத்தவள் அலமு பிறந்து பதினாறாம் நாள் அவன் சந்திரமதியிடம் சொன்னான். "என் புள்ளைங்கள மணியடிச்சு வளக்கக் கூடாது. பசிச்சா சாப்பிடட்டும், தூக்கம் வந்தா தூங்கட்டும். யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"அச்சா, சரிங்க" என்றாள் சந்திரமதி. மறுபேச்சு பேசவில்லை.

அதற்கப்புறம் ராஜமாணிக்கம், அவனுக்குப் பின் புஷ்பம். சாயங்காலம் குழந்தைவேலு மில்லிலிருந்து வரும்போது மூன்றும் ஒற்றையடிப்பாதையில் எதிரே ஓடிவரும். முகம் கழுவி, வயிறு நிறைந்து, சண்டை சச்சரவு இல்லாமல் அவன் தோளிலும் முதுகிலும் தொற்றிக்கொள்ளும். தேங்காய்க் குரும்பையைக் கால்பந்தாக்கிப் பொழுது சாயும்வரை ஆடுவார்கள். 'விட்டுவிட்டால் பிள்ளைகள் எவ்வளவு நன்றாக வளர்கின்றன' என்று அவன் மில் ஆட்களிடம் பெருமையாகச் சொல்வான். தன் வீட்டில் எல்லாம் தானாக நடக்கிறது என்று பத்து வருஷம் நம்பியிருந்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் சந்திரமதி இருமினாள். கம்பவுண்டர் கொடுத்த சிவப்பு மருந்துக்கு அது அடங்கவில்லை. சளியில் ரத்தம் கண்டதும் போர்ட் பிளேருக்கு அனுப்பிவிடச் சொன்னார்கள். ஊசி, மாத்திரை, ஆஸ்பத்திரியிலேயே இருப்பு. பத்து மாசம், ஒரு வருஷம்கூட ஆகலாம். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது.

வியாழக்கிழமை போட்டில் அவளை ஏற்றிவிட்டான். அவள் அண்ணன் அழகேசன் டாலிகஞ்சிலிருந்து வந்திருந்தார். படகுத்துறை ஜெட்டியில், பலகையில் கால்வைக்கும் முன் சந்திரமதி திரும்பி, "ஏங்க, காலைல எழுந்ததும் அலமுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ ஒடம்பப் பாரு. புள்ளைங்க தானா வளரும். இத்தன நாள் வளரலயா?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏறிவிட்டாள்.

முதல் பத்து நாள் வீட்டில் திருவிழா. ரேஷன் கடை பிஸ்கட்டே மத்தியானச் சாப்பாடு. மழையில் நனையலாம், கடலில் ஊறலாம், பள்ளிக்கூடம் போகத் தோன்றினால் போகலாம். அவன் வேலைக்குப் போகிற நேரத்தில், பக்கத்து வீட்டுச் சோம்ரி பார்த்துக்கொண்டாள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து மரவேலைக்கு வந்த குடும்பம் அவளுடையது. சொந்தப் பிள்ளைகள் நான்கோடு இதுகளும் சேர்ந்து ஏழு. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. தீவில் எல்லோருக்கும் பொதுவான இந்தியில்தான் பேச்சு.

பதினைந்தாம் நாள் வாக்கில் திருவிழா கலைந்தது. ஒன்பது வயது அலமு எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள். அவள் தலை சிக்குப் பிடித்துத் தேனடைபோல ஆகியிருந்தது. ஆறு வயது ராஜமாணிக்கம் பாயை நனைக்க ஆரம்பித்தான், தட்டில் வைத்ததைத் தொடுவதில்லை. இரண்டரை வயதுப் புஷ்பம் சாயங்காலம் விளக்கு ஏற்றினால் போதும், பிடித்துக்கொள்வாள் அழுகையை. தூக்கினாலும் அடங்காது, இறக்கிவிட்டாலும் அடங்காது. வாசல் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டுவாள். அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துப் பாலசுப்பிரமணியம் மாஸ்டர் மில்லுக்கே வந்துவிட்டார். "குழந்தைவேலு, உங்க பொண்ணு ஒன்பது நாளா வரலியே, கவனிச்சீங்களா?"

"போகணும்னு தோணினா போவா சார்."

மாஸ்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "வழியில பாத்து அவகிட்டயே கேட்டேன். நீங்க கண்டிப்பா போகச் சொன்னா வர்றேன்னு சொல்றா. நீங்க சொல்லவே இல்லையாம்" என்றார்.

அந்தப் பேச்சு அவனைக் குடைந்தது. ஆனாலும் அவன் மாறவில்லை. அடுத்த திங்கட்கிழமை நடந்ததுதான் அவனை மாற்றியது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். சோம்ரி சேற்றோடு ஓடிவந்தாள். ராஜமாணிக்கத்தைக் காணோம். அவள் வீட்டில் இல்லை, ஆற்றோடையில் இல்லை, யானைக் கொட்டடியில் இல்லை. குழந்தைவேலு நாடாவைப் போட்டுவிட்டு ஓடினான். மேஸ்திரி பன்னீர்செல்வம் நான்கு ஆட்களைக் காட்டுப்பக்கம் அனுப்பினார். கடைசியில் ஜெட்டிக்கு அந்தப் பக்கத்தில் கண்ணில் பட்டான். தண்ணீரில் சங்கிலிபோட்டுக் கட்டியிருந்த மிதவை மரங்களின் கோடிக்கட்டையில் பையன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். கடல் ஏறிக்கொண்டிருந்தது. கட்டைகள் ஒன்றோடொன்று இடித்து உருண்டன. நடுவில் விழுந்தால் எலும்பு மிஞ்சாது.

கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான் என்று குழந்தைவேலு வாயைத் திறக்காமல் கட்டைமேல் கட்டையாகக் கால்வைத்துப் போனான். கையில் வாரியெடுத்துக் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கு மூச்சே வந்தது.

"எதுக்குடா இங்க வந்த?"

"அம்மா போட் வருதான்னு பாக்க."

"இன்னைக்குத் திங்கக்கிழமைடா. போட் வியாழக்கிழமைதானே வரும்?"

"இன்னைக்குத் திங்கக்கிழமையா?" பையன் நிஜமாகவே கேட்டான். "எனக்குத் தெரியலப்பா. எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கு. சோறு எப்பன்னு தெரியல. நீ எப்ப வருவேன்னு தெரியல. அதான் தெனமும் வந்து பாக்கறேன்."

குழந்தைவேலு பையனின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டான். பக்கத்தில் நின்றிருந்த சோம்ரி நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பச்சா லோக் கோ மாலூம் ஹோனா மாங்க்தா, பாய்" என்றாள். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அண்ணா. அவ்வளவுதான் அவள் சொன்னது.

அன்றைக்கு வெளிச்சம் இருக்கும்போதே அவன் சந்திரமதிக்குக் கடிதம் எழுதினான். ராஜமாணிக்கம் கட்டையில் உட்கார்ந்திருந்ததை எழுதவில்லை. 'நீ வீட்டில் இருந்தபோது காலையிலிருந்து ராத்திரிவரை என்னென்ன செய்தாய், எந்த வரிசையில் செய்தாய், ஒன்று விடாமல் எழுது' என்று மட்டும் கேட்டிருந்தான்.

பதில் வர இரண்டு வியாழக்கிழமை ஆயிற்று. ஐந்தாம் வகுப்புப் படித்தவளின் குண்டு குண்டான பென்சில் எழுத்தில் எட்டுப் பக்கம். மரக்கிடங்கின் நிழலில், மத்தியான இடைவேளையில் குழந்தைவேலு அதைப் படித்தான்.

'நீங்கள் கேட்டதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் கடிகாரம் பார்த்து எதுவும் செய்ததில்லை. விடிந்ததும் அலமுவைப் படியில் உட்காரவைத்துத் தலை வாரிப் பின்னுவேன். அப்போது அவள் மனசில் இருக்கிறதைச் சொல்வாள். நீங்கள் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, பின்னலையே பார்க்க வேண்டும். பார்த்தால் சொல்ல மாட்டாள். ராஜாவுக்குச் சின்னச் செம்பு ஒன்று இருக்கிறது. ஓடையிலிருந்து அதில் தண்ணீர் கொண்டுவருவது அவன் வேலை. வீட்டுக்கு வருவதற்குள் பாதி சிந்திவிடும். இருந்தாலும் அந்தத் தண்ணீரில்தான் உலை வைப்பேன், அவனுக்குத் தெரியும்படி. மத்தியானச் சோறு மில் சங்கு ஊதினதும். புஷ்பத்தை விளக்கேற்றினதும் இடுப்பில் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு கோழியிடமும் பேர் சொல்லித் தூங்கு என்று சொல்ல வேண்டும். எல்லாம் தூங்கிவிட்டது என்று பார்த்தால்தான் அவள் தூங்குவாள்.'

குழந்தைவேலு அங்கே நிறுத்தினான். வாசல் பக்கம் நீண்ட அந்தச் சின்னக் கை அவன் கண்முன் வந்தது. ஒரு மாசமாக அது கோழிக்கூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'சாயங்காலம் நான்கரைக்கு மேல் அவர்களை அவிழ்த்துவிட்டுவிடுவேன். என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அந்த நேரத்தில்தான் நீங்கள் வருவீர்கள். உங்களுக்கு அப்படிப் பார்க்கத்தான் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.'

அவன் அந்தக் கடிதத்தை மடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தான். யானைப்பாகன் ஜம்புலிங்கம் அந்த வழியே போனவர், "என்ன, வீட்டுல நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார். "நல்லா இருக்காங்க. நான்தான் இத்தன நாள் கண்ண மூடிட்டு இருந்திருக்கேன்" என்றான்.

மறுநாளே ஆரம்பித்தான். ஆரம்பித்த வேகத்தில் அதிகமாகவும் போய்விட்டான். மரத்துக்கு நம்பர் போடுகிற சுண்ணக்கட்டியால் சுவரில் வரிசையாக எழுதினான். எழுந்திருக்க, குளிக்க, படிக்க, தூங்க. "நேரமாச்சு, நேரமாச்சு" என்று கத்தினான். நான்காம் நாள் மில் சங்கு ஊதிய பிறகும் ராஜமாணிக்கம் வரவில்லை. சோம்ரி மகனோடு நண்டு பிடித்துக்கொண்டிருந்தான். கால்மணி கழித்து மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவனின் தட்டைக் குழந்தைவேலு வெடுக்கென்று எடுத்தான். எடுத்தபோது பையனின் தோள் இரண்டும் ஒடுங்கியதைப் பார்த்தான்.

அந்த ஒடுக்கம் அவனுக்குத் தெரியும். அதற்குள் என்ன இருக்கும் என்பதும் தெரியும். தட்டைக் கீழே வைத்து, சோற்றில் மீன்குழம்பைப் பிசைந்து, அவனே ஊட்டினான். பையன் பயத்தோடு வாங்கினான். மூன்றாவது கவளத்தில்தான் பயம் தெளிந்தது. சாப்பிட்டு முடித்ததும் குழந்தைவேலு ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிட்டான்.

எழுத்துப் போனது. வேலைகள் மட்டும் நிலைத்தன. விடியலில் அவன் படியில் உட்கார்ந்து அலமுவின் தலையைப் பின்னினான். மரநாடா பிடித்த விரலுக்குப் பின்னல் வசப்பட ஒரு வாரம் ஆயிற்று. எட்டாம் நாள், அவன் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அலமு மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மா செத்துருவாங்களா?"

அவன் கை நின்றது. மறுபடி பின்னினான். "மாட்டாங்க. ஊசி ஒத்துக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மாமா எழுதியிருக்காரு."

"நெஜமாவா?"

"கடிதாசி தரேன், நீயே படி."

அன்றைக்கு அவள் அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். அப்புறம் ஒரு நாளும் தவறவில்லை.

சாயங்காலம் குழந்தைவேலு புஷ்பத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டின் முன் குனிந்து நின்று, "கருப்பாயி, தூங்கு. கொண்டைக்காரி, தூங்கு. லங்டி, நீயும் தூங்கு" என்று சொல்வான். வேலிக்கு அந்தப் பக்கம் மில் ஆட்கள் நின்று வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரு நாள் இரண்டு கோழியை விட்டுவிட்டு உள்ளே போகப் பார்த்தான். புஷ்பம் அவன் காதைப் பிடித்துத் திருப்பினாள். இப்படிச் சொல்ல ஆரம்பித்த முதல் நாளே அவள் அவன் தோளில் தூங்கிப் போயிருந்தாள். அன்றைக்கு அவன் அவளைப் பாயில் கிடத்தாமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போட் நாள் பார்க்க ராஜமாணிக்கம் தனியே ஜெட்டிக்குப் போவது நின்றது. வியாழக்கிழமை நான்கு பேரும் சேர்ந்து போனார்கள். அம்மா வர மாட்டாள், அம்மாவின் கடிதம் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பாய் நனைவதும் நின்றது. மத்தியானச் சோற்றுக்கு அரைமணி வீட்டுக்குப் போய்வர மேஸ்திரி பன்னீர்செல்வம் அனுமதி கொடுத்தார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. காய்ச்சலில் குழந்தைவேலு படுத்த ஐந்து நாளும் சோம்ரி வந்து, கோழிகளுக்குத் தன் பாஷையில் தூங்கச் சொல்லிவிட்டுப் போனாள். புஷ்பம் அதை ஒப்புக்கொண்டாள்.

ஐப்பசியில் லீவு போட்டுப் போர்ட் பிளேருக்குப் போனான். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பத்தடி தள்ளி ஒரு பெஞ்சில் அவனை உட்காரச் சொன்னார்கள். சந்திரமதி எதிர்ப் பெஞ்சில். முகத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. இப்போது ராஜமாணிக்கம் கட்டையில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னான். தட்டைப் பிடுங்கிய கதையையும் ஒளிக்கவில்லை.

"லேட்டா வந்தா சோறு ஆறிப்போயிருக்கும், அவ்வளவுதானேங்க" என்றாள் சந்திரமதி. "தண்டாவா சாப்பிடட்டும். அதுக்கு எதுக்குத் தட்ட எடுக்கணும்?"

அவன் தலையாட்டினான். பிறகு, அந்தப் பத்தடியையும் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று சற்று உரக்கவே சொன்னான். "பத்து வருஷமா நீயும் அந்த வீட்டுல மணி அடிச்சிருக்க சந்திரா. என் காதுல விழவே இல்ல."

"விழுந்திருந்தா நீங்க சுவரேறிக் குதிச்சிருப்பீங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகிவிடுமோ என்று அவன் பயந்தான். ஆகவில்லை. நர்ஸ் நேரமாகிவிட்டது என்று வந்து நின்றபோது, அவன் எழுந்து, அந்நியர் முன்னால் இதுவரை செய்யாத காரியமாக மனைவியைப் பார்த்துக் கைகூப்பினான். சந்திரமதிக்கு வெட்கம் தாங்கவில்லை. "க்யா கர்த்தே ஹோ, என்ன இது, போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறு வருஷம் சித்திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை இன்னும் ஆறு மாசம். கனம் தூக்கக் கூடாது, மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்தே ஆக வேண்டும். போட்டிலிருந்து இறங்கியவளை அலமு கட்டிக்கொண்டாள். ராஜமாணிக்கம் அவள் டிரங்குப் பெட்டியை இழுத்தான். புஷ்பம் மட்டும் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்று, யார் இது என்பதுபோல் பார்த்தாள். சந்திரமதி அவளை வற்புறுத்தவில்லை. கடலைப் பார்த்து நின்றுகொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டு நாள் பொறு. பழகிருவா" என்றான் குழந்தைவேலு.

"நான் எங்க போகப் போறேன்? இருக்கட்டும்."

அடுத்த நாள் விடியலில் சந்திரமதி எழுந்தபோது அடுப்பில் உலை கொதித்தது. படியில் குழந்தைவேலு அலமுவுக்குப் பின்னிக்கொண்டிருந்தான். இருவரும் குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவோரம் நின்றாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. தன் வீட்டிலேயே விருந்தாளிபோல் ஒரு கணம் தோன்றியது. அவள் நிற்பதைக் கண்டு குழந்தைவேலு சீப்பை நீட்டினான்.

"வேண்டாங்க. உங்ககிட்டத்தான் ஏதோ சொல்லிட்டு இருந்தா. முடிங்க."

"அம்மா, நீங்க இன்னொரு பக்கம் பின்னுங்க" என்றாள் அலமு. அன்றைக்குத் தலையின் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் பள்ளிக்கூடம் போனாள். மாஸ்டர் பார்த்துச் சிரித்தாராம்.

அந்த வீட்டின் நாள் அதற்கப்புறம் பழையபடி ஆகவில்லை; அதை யாரும் பழையபடி ஆக்கவும் முயலவில்லை. காலை உலை குழந்தைவேலுவோடேயே தங்கிவிட்டது. மத்தியானம் சந்திரமதி படுக்கிற இரண்டு மணி நேரம் பிள்ளைகள் சோம்ரி வீட்டுப் பலாமரத்தடியில் இருந்தார்கள். மூன்றாம் நாள் அங்கிருந்து புஷ்பம் தானாகவே எழுந்து வந்து, சந்திரமதியின் பாயோரம் படுத்துக்கொண்டாள். சந்திரமதி மூச்சுவிடவும் பயந்து அசையாமல் கிடந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புருஷனும் பெண்சாதியுமாக சோம்ரி வீட்டுக்குப் போனார்கள். சந்திரமதி ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பின்னிய ஒரு கம்பளிச் சட்டையைக் கொடுத்தாள், சோம்ரியின் கடைக்குட்டிக்கு.  நன்றி சொல்லக் குழந்தைவேலு இந்தியில் இரண்டு வாக்கியம் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தான். முதல் வாக்கியம் முடிவதற்குள் இந்தி போய்த் தமிழ் வந்துவிட்டது.

சோம்ரி சட்டையை முகத்தில் ஒற்றிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அவர்களை உட்காரச் சொன்னாள். பலாச்சுளை எடுத்து வைத்தாள். ஏழு பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொண்டன. மழை வரும்போல் இருந்தது. யாரும் எழுந்திருக்க அவசரப்படவில்லை.